மீனாட்சி பின்னாடி நின்ன வண்டி

அதெல்லாம் இல்ல சார், வண்டி வரும்போதே அதுக்கு இடுப்புல பெலம் இல்ல. நான் ஒடைக்கல, அதுவா ஒடஞ்சிச்சு. நீ மொதல்ல குந்து. நின்னுக்கினே எழுதினா எழுத்து கோணிக்கும், அப்பறம் தேவானை சொன்னது ஒண்ணு, கம்பெனில படிச்சது ஒண்ணுன்னு ஆய்டும். இதோ, இந்தக் கல்லு மேல குந்து. காலைலதான் மூணு குடம் தண்ணி ஊத்திக் கழுவி வுட்டேன். ஓரத்துல இரும்புக் காது ஒண்ணு நீட்டிக்கினு கீது, பேன்ட்டு மாட்டிக்கப் போவுது, பாத்து. ஆங். வாசன கொஞ்சம் அடிக்கும். மீனு கடைல பின்ன மல்லிப்பூ வாசனயா வரும்? கெச்சிப்ப எடுத்து மூக்குல வெச்சிக்க சார், நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்.

பேரு இன்னா சொன்னே, ஸ்ரீநாத்தா? மைலாப்பூரா? கோயில் கொளத்தாண்டயா? ஐய, அதான் வந்ததுலேந்து வாயால மூச்சு வுட்டுக்கினு கீறே. சுத்த சைவமா... தப்பில்ல சார், நீ சாப்டாத மீன சாப்ட ஊர்ல ஆளு கீறாங்க. மோரு கீது, சொம்ப தனியா வெச்சிருக்கேன், குடி. நான் நீ வா போன்னு பேசறேன்னு கோச்சிக்காத. எங்க குப்பத்துல அப்டித்தான். மரியாத இல்லாம இல்ல, அந்த ‘ங்க’ மட்டும் வாயில வராது.

எழுது. வண்டி சின்ன டிராக்டரு, முன்னாடி பக்கெட்டு வெச்சது. அது உனக்குத் தெரியும், உங்க கம்பெனி வண்டிதானே. சொந்தக்காரங்க, எங்க மகளிர் சங்கம், பன்னெண்டு பேரு. டிரைவரு, தேவானை. பொம்பள டிரைவருன்னு தனியா எழுதாத. ஆம்பள ஓட்னா ஆம்பள டிரைவருன்னா எழுதுறே? சும்மா டிரைவருன்னு போடு. இதான் சார் எனக்கு முக்கியம், நல்லா கேட்டுக்க. வர்ற வெள்ளிக்கெழம சாயங்காலம் ஊர்க் கூட்டம். உன் பேப்பர அங்க படிப்பாங்க. வண்டி தப்புன்னு நீ எழுதினா சாவி என் இடுப்புலயே கீது. டிரைவர் தப்புன்னு எழுதினா சாவி கங்காதரன் மாமா கைக்குப் போய்டும். அவரு என் வூட்டுக்காரரோட அண்ணன், ஊருக்குப் பெரிய ஆளு. வண்டி வந்த நாள்லேந்து அவரு கண்ணு என் இடுப்புலதான் கீது. தப்பா எடுத்துக்காத, சாவி மேல.

வண்டி எப்டிப் புட்டுக்கிச்சுன்னு கேட்டே இல்ல? சொல்றேன், அவசரப்படாத. நீ எங்க போவப் போற, வெளிய வெயிலு கொளுத்துது.

போன திங்கக்கெழம காலைல ஒம்பது மணி இருக்கும். மாதா கோயில்ல மணி அடிச்சாங்க, அதால நல்லா ஞாபகம் கீது. ரெண்டு நாளா கடலு சீறிக்கினு இருந்துச்சா, மணல வாரிக் கொண்டாந்து படகு ஏத்தற வழில மேடு கட்டி வுட்ருச்சு. இதே மின்ன காலமா இருந்தா இருவது பேரு மம்பட்டி புடிக்கணும். இப்பதான் நம்ம கையில வண்டி கீதே. போனேன். பக்கெட்ட எறக்கி, சொருவி, தூக்குனேன். ஈர மணலு சார், பக்கெட்டு முட்ட. தூக்கிக்கினு மேட்டுல ஏர்றேன், டப்புனு ஒரு சத்தம். டயரு வெடிச்சிச்சுன்னு நெனச்சேன். பாத்தா எனக்கு முன்னாடி இஞ்சினு தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது, நானு பின்னாடி பாதில குந்திக்கினு கீறேன். நடுவால எண்ண ஊத்திக்கினு கீது. ஸ்டீரிங்கு என் கைலதான் கீது, ஆனா அது இன்னா புண்ணியம், அது திருப்ப வேண்டியது அந்தப் பக்கம் போய்டிச்சே.

சிரிக்கிற பாத்தியா. சிரி, பரவால்ல. குப்பமே சிரிச்சிச்சு. எலியட்ஸ் பீச்சுல நடக்க வந்த பேன்ட்டு போட்ட தாத்தாங்க எல்லாம் நின்னு செல்லுல படம் புடிச்சாங்க.

மெக்கானிக்கு ஜைத்து வந்தான். திருவல்லிக்கேணிலேந்து, நம்ம ஆளு, ஸ்கூட்டர்லேந்து படகு மோட்டாரு வரிக்கும் பாப்பான். படுத்துக்கினு அடில பூந்து பாத்துட்டு சொல்றான், எக்கா, இந்த மாதிரி சின்ன வண்டிக்கி தனியா சேசிஸே கெடையாதுக்கா. இஞ்சினு, கிளச்சு கூடு, கியர்பாக்ஸு மூணையும் போல்ட்டு போட்டுக் கோத்து அதையே முதுவெலும்பா ஆக்கி வுட்றாங்க. அதும் தலைல பக்கெட்ட மாட்டி பாரம் தூக்குனா நடு முதுவுலதான் புடிக்கும். அங்கதான் வெரிசல் வுட்டு கீதுன்னான். அதான் வண்டிய இங்க கடையாண்ட இழுத்தாந்து போட்டுட்டோமே, நீயே பாரு, அந்த வார்ப்பு இரும்புல, வெரிசலு எவ்ளோ தூரம் ஓடி கீது. பழைய வெரிசலு கொஞ்சம், புது வெரிசலு கொஞ்சம். துருவப் பாத்தே சொல்லிட்டான். அப்ப இன்னா அர்த்தம்? ரொம்ப நாளா உள்ளார நோவு இருந்து கீது, வாயில்லா ஜீவன் சொல்லல. எழுதினியா? ‘சேசிஸே இல்ல.’ இத பெருசா எழுது.

ஒடம்புல முதுவெலும்பே வெக்காம ஒரு ஆளப் பெத்துப் போட்டு, அவன் தலைல அன்னக்கூடய ஏத்துனா அவன் இன்னா பண்ணுவான்? அன்னக்கூடய பத்தி எனக்கு சொல்லாத. இங்க பாரு சார், என் மண்டைய பாரு. கூச்சப்படாம பாரு, நடுவுல வட்டமா ஒரு எடம் தெரியுதா? முப்பது வருஷம் கூடய வெச்ச எடம். சும்மாடு ஒரசி ஒரசி அங்க முடியே கெடையாது. என் கல்யாணத்துல பூ வெக்கிறப்போ இருந்துச்சு, அத்தோட சரி. வண்டி வந்து ஒன்ற வருஷம் ஆவுது. ஐஸ் பொட்டி, மீனு கூட எல்லாத்தயும் பக்கெட்டுல வெச்சி கரலேந்து ரோடு வரிக்கும் நான்தான் கொண்டாரேன். பன்னெண்டு பொம்பளைங்க தலையில இப்ப பாரம் கெடையாது. போன மாசம் கண்ணாடில பாத்தேன், அந்த வட்டத்துல குட்டி குட்டியா முடி மொளச்சிக்கினு கீது. எனக்கு அழுவ வந்துருச்சு சார். நாப்பத்தெட்டு வயசுல இன்னா அழுவன்னு என் வூட்டுக்காரரு கேட்டாரு. உனுக்கு மண்டைல முடி கீது, உனுக்கு இன்னா தெரியும்னேன்.

திங்கக்கெழமலேந்து திரும்பியும் தலைல கூடய தூக்கறதுதான். மொளச்சது நிக்குமா போவுமான்னு தெரியல.

எங்க வுட்டேன்? ஆங், முதுவெலும்பு. இந்த வண்டிக்கி இன்னொரு கொணம் கீது சார், அதையும் எழுது. மொத நாள்லேந்து பக்கெட்டுல பாரம் ஏத்துனா பின்னாடி தூக்கும். பின் டயரு ரெண்டும் மணல்ல நிக்காது, டான்ஸு ஆடும். பிரேக்கு போட்டா புடிக்காது, டயரு தரையில இருந்தாதானே புடிக்கும்? ஒரு தபா கங்காதரன் மாமா படக முட்டப் போய், இவ்ளோ எடத்துல நிறுத்துனேன். அவரு படக வுட்டுட்டு தண்ணில குதிச்சிட்டாரு. அன்னிக்கு ஆரம்பிச்சது, பொம்பள ஓட்னா இப்டித்தான்ற பாட்டு.

நான் சும்மா வுடுவேனா. யோசன பண்ணேன். முன்னாடி பாரம் ஜாஸ்தி, பின்னாடி தூக்குது, அப்ப பின்னாடி பாரம் வெச்சா சரியாப் பூடும். படகுல நாங்க பாக்காததா? ஒரு பக்கம் மீனு கொட்னா இன்னொரு பக்கம் ஆளு போய் குந்துவான். இது யாரும் எனக்கு சொல்லிக் குடுக்கல சார், என் மூளைலேந்து வந்தது. மீனாட்சிய கூப்ட்டேன். மீனாட்சி எங்க சங்கத்துத் தலைவி, நல்ல மனசு, நல்ல ஒடம்பும் கூட. யக்கா, நீ பின்னாடி அந்தக் கொக்கி இருக்குற பலகைல ஏறி நில்லு, சீட்ட கெட்டியா புடிச்சிக்கன்னேன். நின்னுச்சு பாரு, வண்டி அப்டியே அடங்கி ஒக்காந்துக்கிச்சு. அதுலேந்து எப்ப பாரம் தூக்குனாலும் பின்னாடி மீனாட்சி. ஒன்ற வருஷம், வண்டி பூன மாதிரி போய்க்கினு இருந்துச்சு. மீனாட்சிக்கும் குஷி. சாமி ஊர்கோலம் மாதிரி எல்லாருக்கும் கைய ஆட்டிக்கினே வரும்.

இன்னா சார் பேனாவ நிறுத்திட்டே? ஆளு நிக்கக் கூடாதா? சரி, அது தப்புதான், ஒத்துக்கறேன், அத சின்னதா எழுதிக்க. ஆனா நீ ஒண்ணு யோசன பண்ணு, மீனாட்சி நின்னதாலதான் வண்டி இத்தினி நாளு ஓடிச்சு. ஒடஞ்ச அன்னிக்கு மீனாட்சி இல்ல. அதும் பொண்ணுக்கு வளைகாப்பு, காசிமேடு போய்டுச்சு. பதிலுக்கு ஏஞ்சல நிக்க வெச்சேன். ஏஞ்சல நீ பாத்தியே, வாசல்ல எரா உரிச்சிக்கினு இருந்துச்சே, அது தாலிக் கயிறோட சேத்து நாப்பது கிலோ தேறாது. அது நின்னா இன்னா, காக்கா குந்துனா இன்னா. அது கையில மீனாட்சி மாதிரி கொஞ்சம் சத கீதான்னா அதும் இல்ல. ஏஞ்சலுக்கு ஒண்ணும் ஆவல சார், மணல்ல வுழுந்துச்சு, எழுந்து பொடவய தட்டிக்கினு என்னதான் திட்டுச்சு.

ஜைத்து கூட கேட்டான், பின்னாடி இன்னாக்கா மாட்டுவீங்கன்னு. மீனாட்சின்னேன். அவன் ரொம்ப நேரம் சிரிச்சிட்டு பீடி வாங்கப் போய்ட்டான். கேட்ட கேள்விக்கி பதிலு சொன்னா சிரிக்கிறான்.

உங்க கம்பெனி மேல எனக்கு கோவம் கீது, ஆனா நான் நன்றி கெட்டவ இல்ல. ஒரு நல்ல காரியம் பண்ணாங்க, அத சொல்லியே ஆவணும். வண்டி எறக்க ஒரு ஆளு வந்தாரு. நல்ல மனுசன், ஆனா அவசரம். இன்னும் ஒரு மணி நேரத்துல தரமணில இன்னொரு வண்டி எறக்கணுமாம். இது கிளச்சு, இது பிரேக்கு, இந்தக் குச்சிய இழுத்தா பக்கெட்டு தூக்கும், தள்ளுனா எறங்கும். நாங்க பன்னெண்டு பேரும் தலய ஆட்னோம். எல்லாம் சொல்லிட்டு லாரிலேந்து செயின் கப்பி போட்டு ஒரு பொருள எறக்கி மணல்ல வெச்சாரு. யம்மா, இது உங்களுக்குதான், பத்தரமா வெச்சிக்கோங்க, வேல செய்றப்போ இது எப்பவும் இருக்கணும், மறந்துடாதீங்கன்னு ரெண்டு தபா சொன்னாரு. நான் மறக்கவே இல்ல சார். வேல செய்ற ஒரு நாளு கூட இது இல்லாம இருந்ததே கெடையாது.

எதா? இதான் சார். நீ குந்திக்கினு கீறியே, இந்தக் கல்லுதான்.

எனக்கு நெஞ்சு குளுந்து போச்சு. மீனு விக்கிற பொம்பளைங்கன்னு தெரிஞ்சிக்கினு, கடைக்கி ஆவட்டும்னு யோசிச்சி, ஒரு கம்பெனி இப்டி குடுக்குமா? நாலு பேரு சேந்து உருட்டிக்கினு வந்தோம். வஞ்சிரம் வெட்டறதுக்கு இந்த மாதிரி ஒரு கல்லு இந்தக் கரையிலயே கெடையாது. மேல சமமா கீது பாரு, ஆடாது, அசையாது. ரெண்டு பக்கமும் இரும்புக் காது வெச்சிக் குடுத்துருக்காங்க, ஒண்ணுல கத்தி மாட்டறேன், ஒண்ணுல தராசு. யாரு சார் இவ்ளோ யோசிப்பா? கங்காதரன் மாமாவுக்குப் பொறாம தாங்கல. மறுநாளே வந்து, இத என் படகுக்கு நங்கூரக் கல்லா குடுடி, உனுக்கு வேற கல்லு தர்றேன்னாரு. முடியாது மாமா, இது கம்பெனி குடுத்தது, கவுன்ட்டர் வெயிட்டுன்னேன். அவரு ஒரு நிமிசம் முழிச்சாரு. அப்பறம் எல்லாம் தெரிஞ்ச மாதிரி, ஆமா ஆமா, கவுன்ட்டருன்னா இவ்ளோ வெயிட்டு வேணும்தான், காத்தடிச்சா கட பறந்துடும் இல்லன்னுட்டு போய்ட்டாரு.

ஆமா சார், கவுன்ட்டர் வெயிட்டு. அந்த ஆளு அப்டித்தான் சொன்னாரு. கட கவுன்ட்டருக்கு வெக்கிற வெயிட்டு.

ஏன் சார் எழுந்துட்டே?

இன்னா சார், கல்லயே சுத்தி சுத்தி வர்றே. பேன்ட்டுல செதிலு ஒட்டிக்கினு கீது பாரு, தட்டி வுடு. அந்தக் காத ஏன் புடிச்சிப் பாக்குற... கத்தி கீது, கைய அறுத்துக்கப் போற. அங்க இன்னாத்துக்கு போற? வண்டிக்குப் பின்னாடி இன்னா கீது, அந்த ரெண்டு இரும்புக் கைய ஏன் ஆட்டிப் பாக்குற. ஆமா, பின்னாடி ரெண்டு கை தொங்கும், சும்மா தொங்கும், ஒண்ணுத்துக்கும் ஆவாது. ஒரு தபா தடுக்கி வுழுந்தேன், அதால கயிறு போட்டு கட்டி வெச்சிருக்கேன். அதும் முனைல ஓட்ட கீது. அந்த ஓட்டைக்கி...

இரு சார்.

இரு. நீ ஒண்ணும் சொல்லாத.

அந்த ஓட்டைக்கி இந்தக் காது.

யம்மாடி. எத்தினி கிலோ சார் இது? மீனாட்சிய வுட மூணு மடங்கா? மீனாட்சி வெயிட்டு பத்தாம பின்னாடி தூக்கித் தூக்கி வுழுந்துதான் நடு முதுவு வெரிசல் வுட்டுச்சா? ஐயோ, நான் மீனாட்சிய... ஒன்ற வருஷம் பொம்பளய நிக்க வெச்சி ஓட்டியிருக்கேன், வெக்க வேண்டியது இங்க என் கடைல குந்திக்கினு கீது. நான் இது மேல கொடுவா வெட்டிக்கினு கீறேன்.

வேல செய்றப்போ எப்பவும் இருக்கணும்னு சொன்னாரே சார், அந்த ஆளு. இருந்துச்சே. இங்க வேல செய்றப்போ இருந்துச்சே.

சிரிக்காத. சரி, சிரி. உனக்கு மூஞ்சி செவந்து போச்சு, அடக்கிக்கினு இருந்தா ஒடம்புக்கு ஆவாது.

இன்னா சொல்றே, மாட்டிக் குடுத்துட்டுதான் போவணுமா? எறக்கி வெச்சிட்டு போனது அந்த ஆளு தப்பா? அதையும் எழுதுவியா? உண்மையாவா? பாதி கம்பெனி, பாதி நானா. சரி, அது ஞாயம். புது கிளச்சு கூடு வருமா? வரும். கேட்டு வாங்கித் தர்றேன்றியா? உன் வாயில சக்கரய போட. மோரு இன்னொரு சொம்பு குடி.

ஆனா நீ எழுதறது எழுதறதுதானே. படி, அந்த வரிய படி. இங்கிலீசுல கீதா? பரவால்ல, படி. ‘வித்தவுட் கவுன்ட்டர் வெயிட்.’ சரிதான். கவுன்ட்டர் வெயிட்டு மாட்டாம ஓட்டுனது.

மாத்தி எழுதுன்னு நான் கேக்கல சார். கேக்கணும்னு வாயி வரைக்கும் வந்துச்சு, பொய் சொல்லல. ஏஞ்சலு கழுத்து கிழுத்து மடங்கியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்? மீனாட்சி வுழுந்திருந்தா? அதும் பொண்ணு வளைகாப்புக்கு யாரு போயிருப்பாங்க? உண்மை இன்னாவோ அதையே எழுது. வெள்ளிக்கெழம கூட்டத்துல வேற யாரோ படிச்சி சொல்ற வரிக்கும் காத்துக்கினு இருக்க மாட்டேன். நானே எழுந்து நிப்பேன். இத்தினி நாளும் பின்னாடி மாட்ட வேண்டியத மாட்டாம ஓட்டிட்டேன், மீனாட்சிகிட்டயும் ஏஞ்சல்கிட்டயும் மன்னிப்பு கேக்கறேன்னு சொல்லுவேன். எல்லாரும் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். இந்த இடுப்புல கீற சாவிய எடுத்து எல்லாரு முன்னாடியும் கூட்டத்துப் பாயில வெப்பேன்.

கங்காதரன் மாமா கைய நீட்டுவாரு. நீட்டாம இருப்பாரா.

அப்ப நான் ஒரே ஒரு கேள்வி கேப்பேன் சார். மாமா, வண்டி பேப்பருல கவுன்ட்டர் வெயிட்டுன்னு போட்டு கீது, அது எதுக்குன்னு ஊருக்கு சொல்லு. சரியா சொல்லிட்டா சாவி உனக்குன்னுவேன்.

காத்தடிச்சா கட பறந்துடும்னு ஆரம்பிப்பாரு பாரு.

நீ போற வழில அவரு வல பின்னிக்கினு குந்தியிருப்பாரு. இன்னா சார் ஆச்சுன்னு கேப்பாரு. சிரிச்சிக்கினே போ, வாயத் தொறக்காத. போறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் ஒரு கை குடு சார், ஏஞ்சலயும் இன்னொரு ஆளயும் கூப்டறேன், இந்தக் கல்ல வண்டிக்கிட்ட உருட்டணும். இரு, கத்திய எடுத்துக்கறேன்.